பொறம்போக்கு வளர்த்த கீரை

நகரத்திலிருந்து எங்க ஊருக்கு வரும் நண்பர்கள் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்பார்கள். "முடக்கத்தான், தூதுவளை, பிரண்டை எல்லாம் உங்க தோட்டத்துல வெச்சிருக்கீங்களா?" தோட்டத்துல இல்லீங்க, இட்டேரியில இருக்கு என்று சொன்னால், ஏதோ நர்சரியின் பெயர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இட்டேரி கொங்கு நாட்டு வார்த்தை. இரண்டு பக்கமும் உயிர்வேலி, நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்துக்கு மண்தடம், அவ்வளவுதான். காங்கேயம், தாராபுரம் பக்கம் பெரும்பாலும் கிளுவை வேலி. கிளுவைக் குச்சியை வெட்டி நட்டு வைத்தால் வேர் பிடித்து முள்ளோடு எழும்பும். ஆடு மாடு தாண்டாது. வேலியில் சந்து விழுந்தால் கொடிகள் வந்து அடைத்துவிடும். பிரண்டை, கோவை, முடக்கத்தான், முசுமுசுக்கை, வேலிப்பருத்தி என்று வரிசையாக ஏறும். வேலிப்பருத்திக்குப் பெயரிலேயே வேலி இருக்கிறது பாருங்கள். நிழலான மூலையில் தூதுவளை. வேலியடியில் குப்பைமேனி, மூக்கிரட்டை, தும்பை, அம்மான் பச்சரிசி. தடத்தின் ஓரமாக ஆவாரையும் சிறுபீளையும். மழைத்தண்ணி தேங்குகிற பள்ளத்தில் கரிசலாங்கண்ணி.

இதில் ஒன்றைக்கூட யாரும் நட்டதில்லை, தண்ணி கட்டியதில்லை. ஆனா ஊரே பறிக்கும். சளி பிடித்தால் முசுமுசுக்கை சேர்த்து அடை. கைகால் பிடிப்பு என்றால் முடக்கத்தானை மாவோடு அரைத்துத் தோசை. பிரண்டையை நறுக்கும்முன் கையில் நல்லெண்ணெய் தடவிக்கணும், இல்லாவிட்டால் அரிப்பெடுக்கும். இளங்கணுவாகப் பார்த்து ஒடித்து, நார் உரித்து, எண்ணெயில் சுருள வதக்கி, புளி வைத்துத் துவையல் அரைத்தால் நாக்கை அரிக்காது. ஐப்பசி மழைக்குப் பிறகு கீரை முளைக்கும் பாருங்கள், பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை, சுக்குட்டிக்கீரை (நீங்கள் மணத்தக்காளி என்பீர்கள்) என்று ஒவ்வொன்றிலும் ஒரு பிடி பறித்து, பாசிப்பருப்பும் சின்ன வெங்காயமும் வரமிளகாயும் போட்டு வேகவைத்து மத்தில் கடைந்தால், ராகிக்களிக்கு அதைவிட வேறு சேர்மானம் வேண்டாம். பொங்கலுக்கு முன்தினம் வீட்டுக்குக் காப்புக் கட்டும் பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றும் இட்டேரியில் இருந்துதான் வரும்.

இப்போது நகரத்து அடுக்குமாடிகளில் எல்லாரும் சேர்ந்து பொதுத் தோட்டம் போடுகிறார்கள். நல்ல விஷயம். கிராமத்தில் அப்படி ஒன்று ரொம்பக் காலமாகவே இருந்தது. பெயர்ப்பலகை இல்லை, தோட்டக்காரர் இல்லை. வருவாய்க் கணக்கில் மட்டும் அதற்கு ஒரு பெயர் உண்டு: புறம்போக்கு. ஆளைத் திட்டுவதற்கு நாம் எடுக்கிற அதே வார்த்தை. காட்டுக்கீரையின் கதையை எழுத உட்கார்ந்தால் இந்த வார்த்தையின் கதையையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

கதவைச் சாத்திக்கொண்டு தின்ற கீரை

பறிக்கிற கீரையைப் பற்றி நமக்குக் கிடைக்கிற பழைய சாட்சிகளில் சில சங்கப் பாட்டில் இருக்கின்றன. சிறுபாணாற்றுப்படையில் ஒரு ஏழைக் கலைஞன் வீட்டு அடுக்களை வருகிறது. அந்த வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளிக்கொண்டு வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். அக்கம்பக்கத்தார் பார்த்துவிடுவார்களே என்று வெட்கப்பட்டுக் கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு உண்கிறாள்.

புறநானூற்றின் 159ஆம் பாட்டில் பெருஞ்சித்திரனார் தன் வீட்டு வறுமையையே குமணனிடம் சொல்கிறார். அவர் மனைவி பறிப்பதும் குப்பைக்கீரைதான். ஏற்கெனவே கிள்ளிய கணுவில் மறுபடி துளிர்த்த, இன்னும் முற்றாத தளிர். அதற்கும் உப்பில்லை, மோரில்லை, கூடச் சோறும் இல்லை. கீரை பறித்துப் பழகியவர்களுக்கு இந்த இடம் உடனே புரியும். கிள்ளிய கணுவில் திரும்ப வந்த தளிரையும் முற்றும்முன் பறிக்கிறார்கள் என்றால், அந்த வீட்டில் இடைவெளி விடாமல் கீரையே உணவு என்று அர்த்தம்.

அதே புறநானூற்றில் 197ஆம் பாட்டு வேறு மாதிரி. முள்வேலி போட்ட கொல்லையில் ஆட்டுக்குட்டி மேய்ந்தது போக மிஞ்சிய முன்னைக்கீரையை வரகுச் சோற்றோடு போடுகிற சின்ன ஊர்த் தலைவன் வருகிறான். அவனிடம் கொடுக்க வேறொன்றும் இல்லை. ஆனால் எங்கள் தரம் அறிந்து நடக்கிறான், அதனால் பெரிய அரசனைவிட அவனையே மதிப்போம் என்கிறார் புலவர்.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, கீரை வருகிற இடம்: குப்பைமேடு, வேலியோரம். வயல் கிடையாது. இரண்டு, அதோடு ஒட்டிக்கொண்ட கூச்சம். வாங்காமல் பறித்துத் தின்பது இல்லாதவர் செய்வது என்ற எண்ணம் அன்றைக்கே இருந்திருக்கிறது. இந்தக் கூச்சத்தை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் வரும்.

கணக்கில் கழித்த நிலம்

அடுத்து சோழர் காலம். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் ஊர்களின் வருவாயை எழுதிவைத்த கல்வெட்டுகளில் ஒரு கணக்கு முறை இருக்கிறது. முதலில் ஊரின் மொத்த நிலம். அதிலிருந்து ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், சேரிகள், சுடுகாடு எல்லாவற்றையும் கழிக்கிறார்கள். இவை இறையிலி, அதாவது வரி கிடையாது. மிச்சம் உள்ள நிலத்துக்குத்தான் நெல்லளவு.

அந்தக் காலத்துச் செப்பேடுகளில் ஒரு ஊரைத் தானமாகக் கொடுக்கும்போது அங்கே என்னென்ன இருக்கிறது என்று நீளமாக அடுக்குவார்கள். மேல்நோக்கிய மரம், கீழ்நோக்கிய கிணறு, புற்று, மன்று, கன்று மேய்கிற பாழ், உடும்பு ஓடி ஆமை தவழ்கிற நிலம் என்று போகும். எழுதின ஆள் ஊரைச் சுற்றி நடந்து பார்த்திருக்கிறான் என்று எனக்குத் தோன்றும். 'பாழ்' என்று எழுதினாலும் அதில் கன்று மேய்கிறது என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறான். ஒன்றுக்கும் உதவாத நிலம் என்ற பொருள் அதில் இல்லை. உழாத நிலம், அவ்வளவுதான்.

வரி இல்லாத இடத்தில் ஏன் கீரை வருகிறது? வரி கட்டுகிற நிலத்தை உழுதே ஆகணும், விளைவித்தே ஆகணும். அப்படி உழுகிற மண்ணில் பிரண்டைக்கும் தூதுவளைக்கும் இடம் கிடையாது. இவை வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் வேரூன்றி நிற்கிற கொடிகள். மண்ணைக் கிளறாத ஒரு ஓரம், ஏறுவதற்கு ஒரு வேலி, கொஞ்சம் நிழல், இது மூன்றும் அவற்றுக்கு வேண்டும். குப்பைக்கீரை வகைகளுக்கு வேண்டியது ஆள் மிதிக்கிற, மாடு சாணி போடுகிற ஊரோர மண். குளக்கரை, வாய்க்கால் மேடு, மந்தை, வண்டித்தடம் என்று கணக்குப்பிள்ளை கழித்துவிட்ட இடங்களில்தான் இந்த வசதிகள் சேர்ந்து கிடைக்கின்றன.

சென்னைக்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் மந்தைவெளி என்ற பெயரும் இந்த வகைதான். ஊர் மாடுகள் சேர்ந்து நின்ற வெட்டவெளி.

சர்வே கல் வந்த பிறகு

1792இல் பாரமகால் பகுதி, அதாவது இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம், திப்புவிடமிருந்து கம்பெனி கைக்கு வந்தது. அங்கே அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே வேலை பார்த்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து ஒவ்வொரு விவசாயியோடும் நேரடியாக வரி பேசுகிற முறையைத் தொடங்கினார்கள். 1799இல் திப்பு இறந்த பிறகு எங்க கோயமுத்தூர்ச் சீமையும் கம்பெனிக்குப் போனது. மன்றோ 1820இலிருந்து 1827இல் சாகும்வரை சென்னை கவர்னராக இருந்தார். ரயத்துவாரி முறை மாகாணத்தின் பெரும்பகுதியில் நிலைத்தது. அப்புறம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் விரிவான சர்வே நடந்து, துண்டு துண்டாக நிலத்துக்கு நம்பரும் கல்லும் வந்தன.

இதில் கணக்கு முறை பழசுதான். வரி போட்ட நிலம் ஒருபுறம், வரிக்குப் புறத்தே போன நிலம் மறுபுறம். புறம்போக்கு என்ற சொல்லின் நேர்ப்பொருளும் அதுதான். ஓடைப் புறம்போக்கு, குளப் புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு, வண்டிப்பாதை, களம், தோப்பு, சுடுகாடு என்று எழுதிவைத்தார்கள்.

மாறியது உடைமை. முன்பு ஊரின் கணக்கிலிருந்து கழித்த நிலம் ஊருடையதாகவே இருந்தது. இப்போது பட்டாவில் வராத நிலமெல்லாம் சர்க்கார் சொத்து. 1882இல் சென்னை வனச்சட்டம் வந்தபோது காடுகள் ஒதுக்கப்பட்டன. அதற்கு முன் 1870களின் தொடக்கத்தில் இப்படி ஒரு யோசனை வந்தபோது சென்னை வருவாய் வாரியமே மறுத்திருந்தது, ஊர்மக்கள் அனுபவிக்காத காடு இந்த மாகாணத்தில் இல்லை என்ற வாதத்தோடு. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அந்த வாதம் தோற்றது. 1905இல் நில ஆக்கிரமிப்புச் சட்டம். சாலை, தெரு, ஓடை, ஏரி எல்லாம் அரசுக்கே சொந்தம் என்று அது எழுதியது. பொறம்போக்கில் குடிசை போட்டவருக்கு வருகிற 'பி மெமோ' அந்தச் சட்டத்தின் பிள்ளைதான்.

இதில் ஒரு வேடிக்கை. பொறம்போக்கில் நிற்கிற புளியமரத்துக்குக்கூடக் கணக்கு உண்டு. அதன் பலனை அனுபவிக்க '2சி பட்டா' என்று மரப்பட்டா கொடுப்பார்கள். அதே புளியமரத்தடியில் முளைக்கிற கீரைக்கு எந்தக் கணக்கிலும் பெயர் கிடையாது. யாரும் உரிமை கேட்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. பறிக்க வருகிறவர் யாரென்று கேட்கிற அளவுக்கு அது மதிப்புள்ளதாக யாருக்கும் படவில்லை.

பொதுநிலம் என்றால் எல்லாருக்கும் சமம் என்று நினைத்துவிடாதீர்கள். இதைச் சொல்லாமல் போனால் கதை பொய்யாகிவிடும். செங்கல்பட்டு மாவட்டத்தில் மிராசுதார்கள் தரிசு நிலத்திலும் தங்களுக்கே முதல் உரிமை என்று பிடித்து வைத்திருந்தார்கள். உழைக்கிற தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒரு துண்டு நிலமும் கிடைக்கவில்லை. 1891இல் அந்த மாவட்டக் கலெக்டர் டிரமன்ஹீர் இதை விரிவாக எழுதி அனுப்பினார். அடுத்த வருஷம், 1892இல், அவர்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை வந்தது. இன்றைக்குப் பஞ்சமி நிலம் என்று நாம் பேசுவது அதைத்தான். எங்க பக்கமும் ஊர்க்கிணறும் கோயிலும் எல்லாருக்கும் திறந்து இருக்கவில்லை. கிணற்றில் தண்ணி சேந்த விடாதவர்கள், வேலியோரத்துக் கீரையைப் பறிப்பதை மட்டும் கண்டுகொள்ளவில்லை. பெருந்தன்மை ஒன்றும் கிடையாது. அதை யாரும் பொருட்டாக நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

தாது வருஷமும் குன்னூரும்

1876 முதல் 78 வரை சென்னை மாகாணத்தைப் பிடித்த பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் வயசானவர்கள் சொல்கிறார்கள். லட்சக்கணக்கில் செத்தார்கள். அப்போது நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளைக்கு எவ்வளவு தானியம் என்பதில் இரண்டு வெள்ளைக்கார அதிகாரிகளுக்குள் பெரிய சண்டை நடந்தது. இந்திய அரசின் சார்பாக வந்த ரிச்சர்ட் டெம்பிள் ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம், போதும் என்றார். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் ஒத்துக்கொள்ளவில்லை. தானியத்தையும் கூட்டணும், வெறும் தானியத்தில் உழைக்கிற உடம்பு நிற்காது, பருப்பும் காய்கறியும் வேணும் என்றார்.

கார்னிஷ் சொன்னதை ஊரில் எந்தக் கிழவியிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள். ஆனா பஞ்சத்தில் கீரையும் கிடையாது. மழை இல்லாவிட்டால் வேலியும் காயும். அப்போது கைகொடுத்தவை தண்ணி கேட்காதவை, கற்றாழைக் குருத்தும் சப்பாத்திக்கள்ளிப் பழமும் மாதிரி. கீரையோடு ஒட்டிய பழைய கூச்சத்தின் மேல் பஞ்சத்தின் ஞாபகமும் சேர்ந்துகொண்டது.

அதற்கு அறுபது வருஷம் கழித்து இதே தமிழ்நாட்டு மலையில் வேறு மாதிரி ஒரு வேலை நடந்தது. குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்துக்கு 1935இல் ஆக்ராய்டு என்பவர் தலைவராக வந்தார். 1937இல் இந்திய உணவுகளின் சத்துப் பட்டியலை ஒரு சின்னப் புத்தகமாகப் போட்டார்கள். அரிசி, பருப்போடு கீரைகளையும் ஒவ்வொன்றாக அளந்தார்கள். விலை மலிவான இந்த இலைகளில் வைட்டமின் ஏ-க்கு ஆதாரமான சத்தும் சுண்ணாம்பும் இரும்பும் இருப்பது எண்ணாக அச்சில் வந்தது. அந்த ஆய்வுக்கூடம்தான் 1958இல் ஐதராபாத்துக்குப் போய் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. கதவைச் சாத்திக்கொண்டு தின்ற இலைக்கு அங்கேதான் கொஞ்சம் மரியாதை வரத் தொடங்கியது.

மடிக்கீரை

வேலியோரத்தைப் போலவே கீரைக்கு இன்னொரு இடம் உண்டு. பட்டா நிலத்துக்குள்ளேயே முளைக்கிற களை. சோளக்காட்டிலும் கடலைக்காட்டிலும் களையெடுக்கப் போன பெண்கள் சாயங்காலம் மடியில் கீரையோடு திரும்புவார்கள். நிலக்காரனுக்கு அது களை, வெட்ட வேண்டியது. களையெடுத்தவளுக்கு அது ராத்திரிக் குழம்பு. கூலிக்கணக்கில் எழுதாத கூலி. பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, சாரணத்தி எல்லாம் அப்படி மடியில் வந்தவைதான்.

பசுமைப் புரட்சிக்குப் பிறகு வயலில் பணப்பயிர் பெருகியது, களைக்கொல்லி வந்தது. பத்துப் பெண்கள் நாலு நாள் எடுக்கிற களையை ஒரு ஆள் தோளில் டேங்கைத் தூக்கிக்கொண்டு ஒரு காலையில் கருக்கிவிடுகிறார். கூலிக்கு ஆள் கிடைக்காத விவசாயியை நான் குற்றம் சொல்ல மாட்டேன், அந்தக் கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனா மருந்தடித்த காட்டில் கீரை பறிக்க முடியாது. வரப்போரத்துக்கும் சேர்த்து அடித்தால் வேலியடியும் போச்சு. கிளைபோசேட்டைப் பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்கள் மூலமாக மட்டும்தான் பயன்படுத்தணும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆணை போட்டது. வரப்பில் யார் அடிக்கிறார்கள் என்று யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ரேஷனில் 2008இல் அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆனது, 2011இலிருந்து இலவசம். நூறுநாள் வேலை வந்தது. கீரையை மட்டும் வேகவைத்துத் தின்று படுக்கிற நிலைமை பெரும்பாலான வீடுகளில் இல்லாமல் போனது. இதை இழப்பு என்று எழுதினால் அது நியாயம் கிடையாது. எங்க காட்டில் பல வருஷம் களையெடுத்த ஒரு பெரியம்மாவிடம், டவுனில் பண்ணைக்கீரைக்கு நல்ல விலையாம் என்று சொன்னேன். "பஞ்சத்துக்குத் தின்ன தழை தம்பி அது. அதைத் திங்கக்கூடாதுன்னுதான் எம்புள்ளைகளைப் படிக்க வெச்சேன். அதையப் போயி காசு குடுத்து வாங்கறாங்களா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவர் வீட்டில் விருந்தாளிக்கு இன்றைக்கும் அந்தக் கீரையைப் போட மாட்டார்.

விலை வந்தது, இடம் போனது

கூச்சம் எப்படி விலையானது? மருந்து என்ற பெயர் வழியாகத்தான் என்பது என் கணிப்பு. 1924இல் சென்னையில் அரசே இந்திய மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது. 1983இல் டாம்ப்கால் என்கிற அரசு மூலிகை மருந்துக் கழகம் வந்தது. 1988இல் சென்னை ஆய்வாளர்கள் கீழாநெல்லி வகையை ஹெபடைடிஸ் பி கிருமி உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து 'லான்செட்' இதழில் எழுதியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. (பின்னால் மற்றவர்கள் செய்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. மஞ்சள் காமாலை என்றால் முதலில் டாக்டரைப் பாருங்கள்.) 2012இல் டெங்கு வந்தபோது நிலவேம்புக் குடிநீர் தெருத்தெருவாகப் போனது.

பெயர் வந்தால் வியாபாரி வருவார். கிள்ளிப் பறிப்பதற்கும் மூட்டைக்குப் பிடுங்குவதற்கும் நிறைய வித்தியாசம். வீட்டுக்குப் பறிக்கிறவர் நகத்தால் நுனியைக் கிள்ளுவார், கணு மறுபடி துளிர்க்கும். எடைக்கு விற்கிறவர் வேரோடு பிடுங்குவார், வேரில் மண் இருந்தால் எடை இன்னும் கூடும். ஒரு சீசன் அப்படிப் பிடுங்கிய ஓரத்தில் விதை விழாது. அடுத்த வருஷம் பார்த்தீனியம்தான் நிற்கும்.

வேலிச்செடி ஒன்று முழுப்பயிரே ஆன கதையும் எங்க பக்கம் உண்டு. கண்வலிக்கிழங்கு, அதாவது செங்காந்தள், நம்ம மாநிலப் பூ. வேலியில் படர்ந்து கிடந்த கொடி. அதன் விதையில் கால்ச்சிசின் இருக்கிறது, மூட்டுவாத மருந்துக்காக ஏற்றுமதி ஆகிறது. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சிப் பக்கம் கம்பிப் பந்தல் போட்டு ஏக்கர் கணக்கில் வளர்க்கிறார்கள். ஒன்றை மறந்துவிடக்கூடாது, அந்தச் செடி முழுக்க விஷம், கிழங்கு கொடும் விஷம். பிரண்டையும் தூதுவளையும் படர்கிற அதே வேலியில்தான் அதுவும் இருக்கும். அதனால் போனில் படம் பார்த்துக்கொண்டு இட்டேரியில் இறங்கிப் பறிக்காதீர்கள். கூட ஊர்க்காரம்மா ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் கிள்ளிக் கொடுப்பதை மட்டும் சமையுங்கள்.

இட்டேரி என்ன ஆனது? வண்டி போய் டிராக்டரும் லாரியும் வந்தபோது தடம் போதவில்லை. ரோடு போட ஒரு பக்க வேலியை எடுத்தார்கள். சில இடங்களில் பொக்லைன் வைத்து ஒரே நாளில் இரண்டு பக்கமும் வழித்தார்கள். சில இட்டேரிகளில் யாரும் நடக்காமல் சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்டது. 1870களில் கடப்பைப் பக்கம் விறகுக்காகக் கொண்டுவந்து விதைத்த மரம், இன்று கிளுவைக்கு இடம் கொடுக்காமல் நிற்கிறது. பல இடங்களில் இரண்டு பக்கத்துக் காட்டுக்காரர்களும் வருஷத்துக்கு ஒரு சாண் உள்ளே தள்ளித் தள்ளி, தடமே காணாமல் போனது. சர்வே வரைபடத்தில் மட்டும் இரண்டு கோடாக இருக்கிறது. கீரையை யாரும் பொருட்டாக நினைக்காத வரைக்கும் அது எல்லாருக்கும் கிடைத்தது. விலை வந்த காலத்தில் அது முளைக்கிற இடம் இல்லை.

உங்கள் பேரில் இருக்கிற காடு

இந்தப் பதிவைப் படிக்கிற பலருக்கு ஊரில் அப்பா பேரிலோ தாத்தா பேரிலோ நிலம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். இட்டேரியின் ஒரு பக்க வேலி உங்களுடையது. நகரத்திலிருந்து வாங்குகிறவர்களும் பத்திரம் முடிந்ததும் முதல் வேலையாக வேலியை வழித்துவிட்டு, கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுக்கிறார்கள். ஆள் ஊரில் இல்லாதபோது நிலத்தைக் காப்பாற்ற வேறு வழி தெரியவில்லை என்பது நியாயம்தான். ஆனா அந்த ஒரு நாள் வேலையில் போவது எத்தனையோ வருஷமாக வளர்ந்த வேலி. கம்பியில் முடக்கத்தான் ஏறினாலும், அதன் அடியில் நிழலும் ஈரமும் சருகும் இல்லாததால் நிலைக்காது.

கம்பி போடத்தான் வேணும் என்றால், கிளுவையை அப்படியே விட்டு, இரண்டு மூன்று அடி உள்ளே தள்ளி உங்கள் பட்டாவுக்குள் போடுங்கள். நிலத்தில் போவது கொஞ்சம்தான். வேலி ரோட்டில் சாய்கிறது என்றால் கவாத்து வெட்டினால் போதும், வேரோடு எடுக்க வேண்டாம்.

தடம் எங்கே என்று சந்தேகம் இருந்தால் ஊரின் அ-பதிவேட்டைப் பாருங்கள், இப்போது இணையத்திலேயே சர்வே நம்பர் போட்டுப் பார்க்கலாம். 'வண்டிப்பாதை', 'ஓடை', 'மேய்க்கால்' என்று இருந்தால் அது ஊருடையது. பஞ்சாபில் ஒரு ஊர்க்குளத்தை ஆக்கிரமித்த வழக்கில், கிராமப் பொதுநிலங்களை மீட்டு ஊருக்குக் கொடுக்கத் திட்டம் போடும்படி எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியிலேயே சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பு தானாக நடந்து எங்க ஊர் இட்டேரிக்கு வராது. மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராம சபை கூடுகிற நாளில் யாராவது எழுந்து, இந்த நம்பரில் பாதை இருக்கு, இதை அளந்து கல் போடுங்க என்று கேட்டால்தான் வரும். ஊரில் இருக்கிற நாங்கள் பக்கத்துக் காட்டுக்காரரைப் பகைத்துக்கொள்ளத் தயங்குவோம். வெளியூரில் இருக்கிற நீங்கள், உங்கள் வேலியை நீங்களே முதலில் பின்னால் தள்ளிவிட்டு வந்து கேட்டால், அந்தப் பேச்சுக்கு எடை அதிகம்.